கையிருப்பில் ஏழு முட்டைகள்

“சார், முட்டைக்கு ஒரு ஜன்னல்கூட இல்லையே, உள்ள இருக்க குஞ்சு எப்பிடி மூச்சு விடும்?”

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், நான்காம் வகுப்பில், பூமாரி இப்படிக் கேட்டாள். அப்போது தாணுமாலையன் சார் கரும்பலகையில் ஆறுகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். கேள்விக்கும் ஆறுகளுக்கும் சம்பந்தமில்லை. பூமாரியின் வீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவளும் பாதி மனதை அதன் பக்கத்தில் விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வந்திருந்தாள்.

“தெரியல்லையே மக்கா. பாத்துச் சொல்லுகேன்” என்றார் சார்.

சொன்னபடி நூலகத்துக்குப் போய்ப் பார்த்தார். மறுநாள் கடையில் வாங்கிய ஒரு முட்டையும், கண்ணாடி டம்ளர் நிறைய வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டுவந்தார். முட்டையைத் தண்ணீரில் இறக்கியதும் ஓட்டின் மேல் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள் அரும்பின. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் காற்று போய் வருகிறது என்றார். கடவுள் முட்டைக்கு ஓடு போட்டபோதே மூச்சுக்கும் வழி வைத்துவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். அன்று அந்த வகுப்பில் ஒருவர்கூட ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கவில்லை.

வாசலில் நின்று இதைப் பார்த்த தலைமையாசிரியை சிவகாமியம்மாள் அவருக்கு ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்தார். பாடப்பட நிலையம் என்று ஓர் அலுவலகம் சில வருடங்களாக நடக்கிறது. மாணவர்கள் ஆர்வத்தோடு பார்க்கிற மாதிரி பாடங்களை வீடியோப் படமாக எடுத்துப் பள்ளிகளில் காட்டுகிறார்கள். இந்த வருடம் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு படம் உண்டு. ஆர்வமுள்ள ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அதில் இருந்தது. ஆர்வம் உண்டு என்பதற்கு அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும். தாணுமாலையன் சார் ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிப்பிடித்தார். மருத்துவர் அவரை மேலும் கீழும் பார்த்து, ‘இவருக்கு ஆர்வம் இருப்பதை நேரில் கண்டேன்’ என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

பாடப்பட நிலையம் நகரத்தின் ஒரு குன்றின்மேல் இருந்தது. தம்பானூரிலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, ஏற்றம் ஏற வேண்டும். வாசலில், ‘உங்கள் பைகள் சோதிக்கப்படும். இது உங்கள் நன்மைக்கே’ என்ற பலகை. கீழே ஸ்டோர் அதிகாரி சுசீலாபாயின் கையெழுத்து. வாயில் காவலர் கோலப்பன் நாகர்கோவில்காரர். ஊர்க்காரர் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தார். மலர்ந்த முகத்தோடேயே சாரின் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“தப்பா எடுக்கப்பிடாது அண்ணாச்சி. மந்திரி வந்தாலும் இதுதான் நியமம்.”

“மந்திரி வந்தாரா?”

“வந்தாரு. அவருக்குப் பையில்ல.”

உள்ளே ஒரு நீள மேசை. அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இயக்குநர் சாம்பசிவன், பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர். வலப்பக்கம் ஆர்வப் பிரிவின் தலைவர் பகவதிப்பெருமாள். இடப்பக்கம் சுசீலாபாய். ஐம்பதைத் தாண்டிய, ஒட்டிய கன்னங்களும் கெட்டிச் சட்டக் கண்ணாடியும் உள்ள அம்மாள். மடியில் ஒரு துணிப்பை. மேசைமேல் யாராவது பேனாவை வைத்தால்கூட, அது அரசாங்கத்துப் பேனாவா என்று எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வைப்பார்.

“இருக்கணும் மாஷே” என்றார் சாம்பசிவன். “ஒரு காரியம் கேக்கட்டே. இந்தக் கேள்வியை அந்தக் குட்டிக்கு ஆரு சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் சொல்லிக் கொடுக்கல்ல சாரே. அவளே கேட்டா.”

“தன்னால?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அவளுக்க அம்மைக்கு எந்தா ஜோலி?”

“கட்டட வேலை சாரே. மணல் சுமக்கா.”

“யூனியன் உண்டோ?”

“தெரியாது சாரே. கோழி உண்டு.”

பகவதிப்பெருமாள் விண்ணப்பத்தைப் புரட்டினார். “கேள்வி நல்ல கேள்விதான். அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. நாலாம் கிளாஸ்ல முட்டை எங்க வருது? சத்துணவுப் பாடத்துல வருது. மூச்சு அஞ்சாம் கிளாஸ்ல வருது. குஞ்சு ஆறாம் கிளாஸ்ல வருது. நாலாம் கிளாஸ் பிள்ளை மூணையும் சேத்துக் கேக்குதுன்னா, ரெண்டு வருஷத்துப் பாடத்தை யாரோ வெளிய விட்டிருக்கான்.”

“நமக்கு யார்மேலயும் சந்தேகம் இல்லை மாஷே” என்றார் சாம்பசிவன் அன்பாக. “சந்தேகம் தீரும்வரை நம்புகதில்லை. அவ்வளவே உள்ளு.”

பிறகு அவர் நிலையத்தின் நோக்கத்தை விளக்கினார். மாணவர்களுக்கு ஆர்வம் வேண்டும். ஆனால் அது கட்டுக்குள் இருக்க வேண்டும். போன வருடம் தவளையைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. படம் முடிந்த பிறகும் தவளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பாடம் கணக்கு. மூன்று பள்ளிகளிலிருந்து புகார் வந்தது. அதற்குப் பிறகுதான் ஆர்வப் பிரிவு தொடங்கப்பட்டது.

“படம் இருபது நிமிஷம்” என்றார் பகவதிப்பெருமாள். “மூணாம் நிமிஷத்துல ஒரு ஆர்வம், பதினொண்ணாம் நிமிஷத்துல ஒரு ஆர்வம். அதுக்கு மேல அனுமதி இல்ல.”

“ஆர்வம்னா சாரே?”

“மத்தளம் கொட்டும். இல்லேன்னா ஒரு குழந்தை கைதட்டும்.”

பூமாரியே படத்தில் வந்து அந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்று தாணுமாலையன் சார் தயங்கிக் கேட்டார். சாம்பசிவன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“குட்டி வரலாம். கேள்வி வேண்டா. சர்க்கார் படத்தில ஒரு குட்டி நின்னு கேள்வி கேட்டால், பாக்குறவங்க எந்தா நெனைக்கும்? பள்ளிக்கூடத்தில சொல்லித் தரல்ல என்னு நெனைக்கும். அவள் இப்படிச் சொல்லட்டே: ‘முட்டைக்குள் குஞ்சு மூச்சு விடுவதை நான் அறிவேன்.’”

“அறிஞ்சா அவ கேட்டிருக்க மாட்டாளே சாரே.”

“அதுதான் நல்லது.”

படத்துக்கு ‘முட்டை: ஓர் அணுகுமுறை’ என்று பெயர் வைத்து அனுப்பினார்கள்.

வெறும் முட்டையைக் காட்டினால் போதாது. உள்ளே உயிர் இருப்பது தெரிய வேண்டும். விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே அடைமுட்டையைப் பிடித்தால் நரம்புகள் தெரியும் என்று சார் படித்திருந்தார். அதற்குப் பூமாரி வீட்டு முட்டைதான் வேண்டும். ஆகவே ஆரியசாலைச் சந்துகளில் ஒன்றுக்குள் நுழைந்து, மிளகாய் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வீட்டு வரிசைக்குப் போனார்.

பூமாரியின் அம்மா சுடலைமாடத்தி சாரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சாரத்துப் பலகையிலிருந்து போன மழைக்காலத்தில் விழுந்ததிலிருந்து அப்படித்தான். இனி ரொம்ப நாள் மணல் சுமக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பழைய மரப்பெட்டியில் கோழி ஏழு முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. ஏழும் பொரித்து, அதில் நாலு பெட்டையாக நின்றாலும், சாயாக்கடைகளுக்கு முட்டை கொடுத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். அவளுக்கு வேறு எண்ணம் எதுவும் வைத்துக்கொள்ள வசதி இல்லை.

சார் விஷயத்தைச் சொன்னார். “ஒரு மணி நேரம்தான். கோழியையும் சேத்தே கொண்டு போலாம். ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு.”

“என்ன சார் இப்பிடிக் கேக்குதீய? எம் புள்ள கேட்ட கேள்விக்குத்தான படம் புடிக்காவ. எடுத்துட்டுப் போங்க. நீங்க சொன்னா சரி.”

அவள் எழுதித் தரச் சொல்லவில்லை. சாட்சி கேட்கவில்லை. சான்று கேட்கவில்லை. நிலையத்தின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அது பயமாக இருந்தது. போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு, முட்டைகள் நல்லபடியாகத் திரும்பினால் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டார்.

படம் எடுக்கும் நாள் காலையில் நாலு பேரும் குன்று ஏறினார்கள். சார், பூமாரி, சுடலைமாடத்தி, கூடையில் கோழி. முட்டைகள் கோழிக்கு அடியில் பழைய சேலைத் துணியில் இருந்தன.

கோலப்பன் கூடையைத் திறந்து பார்த்தார். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். கோழி யாருடையது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்.

“எங்க கோழிதான். கூப்புட்டா வரும்” என்றாள் சுடலைமாடத்தி.

“யார் கூப்புட்டாலும் வருமா?”

“இரை போட்டா வரும்.”

“அப்போ அது சாட்சியாகாதும்மா.”

கோழி வெளியே நின்றது. கோலப்பன் அதைக் கூடையோடு தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, தன் சோற்றிலிருந்து கொஞ்சம் போட்டார். இதற்கு நியமம் எதுவும் இல்லாததால் யாரும் தடுக்கவில்லை.

முட்டைகளை மட்டும் உள்ளே எடுத்துப் போனார்கள். நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. காமிரா முன்னால் எந்தப் பொருள் வருவதானாலும் அது முதலில் ஸ்டோரில் கையிருப்பாக ஏற வேண்டும். சுசீலாபாய் ஒவ்வொரு முட்டையிலும் ஊதா மையில் ரப்பர் முத்திரை குத்தினார். பதிவேட்டில், ‘முட்டை, ஏழு, நல்ல நிலை’ என்று எழுதினார். குத்தும்போது முட்டை உடைந்துவிடாமல் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார் என்பதைப் பூமாரி மட்டும் கவனித்தாள்.

விளக்குகளை ஏற்றி எல்லாம் தயாரானபோது, காமிராவின் லென்ஸ் மூடியைக் காணவில்லை.

கதவுகள் சாத்தப்பட்டன. யாரும் நகரக் கூடாது என்றார்கள். சாம்பசிவனின் பார்வை அறையைச் சுற்றி வந்து, மூலையில் தரையில் உட்கார்ந்திருந்த சுடலைமாடத்திமேல் நின்றது.

“வெளியிலிருந்து வந்தது ஆரொக்கே?”

“நானும் வெளியிலிருந்துதான் வந்தேன் சாரே” என்றார் தாணுமாலையன்.

“மாஷுக்கு ஆர்வச் சான்று உண்டு. இவளுக்கு?”

சுடலைமாடத்தி மூட்டையை அவிழ்க்க வேண்டியிருந்தது. வெற்றிலைப் பை, பழைய துணி, பூமாரிக்காகக் கொண்டுவந்த ஒரு கொய்யாப்பழம். சேலை முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார்கள். உதறிக் காட்டினாள். பூமாரி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுசீலாபாய் வாக்குமூலம் எழுதினார். பெயர், ஊர், இப்போதைய முகவரி, எந்தச் சந்து, எந்தக் கிட்டங்கிக்குப் பின்னால் என்பது வரை கேட்டு எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்து, கைக்குட்டை எடுக்கத் தன் துணிப்பைக்குள் கைவிட்டார். கைக்குட்டையோடு ஒரு கறுப்பு வட்ட மூடி வெளியே வந்து, தரையில் விழுந்து, உருண்டு, சுடலைமாடத்தியின் காலடியில் போய்ச் சாய்ந்தது.

காலையில் மேசைமேல் கேட்பாரற்றுக் கிடந்த மூடியைப் பத்திரப்படுத்துவதற்காகச் சுசீலாபாய்தான் பைக்குள் போட்டிருந்தார். போட்டதை மறந்துவிட்டார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. இதைவிடச் சின்னக் காரியத்துக்கு அந்த நிலையத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த உத்தரவுகளில் சிலவற்றை அவரே தட்டச்சு செய்திருக்கிறார்.

மற்றவர்கள் அலமாரிக்கு மேலே தேடிக்கொண்டிருந்தார்கள். மூடியைப் பார்த்தது இரண்டே பேர். சுசீலாபாய் மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். சுடலைமாடத்தி அந்தக் கையைப் பார்த்தாள். சுமை தூக்கிப் பழகியவர்களுக்கு, எதிரே ஒருவர் தடுமாறினால் கை தானாக நீளும். அவள் மூடியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, குனிந்து எடுத்தாள்.

“இங்கன மேசைக்கடியில கெடக்கு பாருங்க. நாந்தான் கவனிக்கல.”

“கண்டில்லே?” என்றார் சாம்பசிவன் மற்றவர்களிடம். “பயந்து திரும்ப வெச்சாள். சோதனைக்கு ஒரு குணம் உண்டு.”

 சுடலைமாடத்தி மூட்டையை மறுபடி கட்டினாள்.  சுசீலாபாய் ‘மூடி கிடைத்தது’ என்று மட்டும் எழுதினார். எழுத்து வழக்கத்தைவிடக் கோணலாக இருந்தது.

படப்பிடிப்பு தொடங்கியது. முதலில் சாம்பசிவன் அறிமுக உரை ஆற்றினார். முட்டை என்பது சாதாரண விஷயமல்ல என்று தொடங்கினார். முட்டையைப் பற்றி அரசு கொண்டிருக்கும் அக்கறை, நிலையம் கட்டப்பட்ட வரலாறு, அடிக்கல் நாட்டிய நாளில் பெய்த மழை, இவற்றையெல்லாம் சொன்னார். இருபது நிமிட நாடாவில் பதினைந்து நிமிடம் போயிற்று.

அடுத்தது பூமாரி. “முட்டைக்குள் குஞ்சு மூச்சு விடுவதை நான் அறிவேன்” என்று தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, “ஆனா எப்பிடி?” என்றாள்.

“கட்!”

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் “எப்பிடி?” என்றாள். மூன்றாவது தடவை வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆனால் கண் கேட்டது. கண்ணுக்கு எதுவும் செய்ய முடியாது என்று ஆர்வப் பிரிவு விட்டுவிட்டது.

கடைசியாகத் தாணுமாலையன் சார் ஒரு முட்டையை எடுத்து, கறுப்புக் காகிதத்தில் வட்டமாகத் துளை போட்டு, விளக்கின் முன்னால் பிடித்தார். மற்ற விளக்குகளை அணைத்தார்கள். முட்டை செக்கச்செவேலென்று எரிந்தது. உள்ளே சிலந்தி வலைபோல நரம்புகள். நடுவில் கருநிழல். அந்த நிழல் ஒரு முறை உதைத்துக்கொண்டது.

“ஐயோ, அனங்குது!” என்று கத்தினார் பகவதிப்பெருமாள். அவர் எப்போது நாற்காலியை விட்டு எழுந்து பூமாரிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார் என்று யாருக்கும் தெரியாது. சுசீலாபாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சுடலைமாடத்தி தன் முட்டையைத் தானே முதன்முதலாகப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த அரை நிமிடம் பாடப்பட நிலையத்தில் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை.

பிறகு விளக்கைப் போட்டார்கள்.

“அது எந்தா?” என்றார் சாம்பசிவன்.

“குஞ்சு சாரே.”

“ஸ்டாக்கில முட்டை என்னல்லே எழுதியிருக்கு?”

“முட்டைக்குள்ள குஞ்சு சாரே. இன்னும் நாலஞ்சு நாள்ல பொரிச்சிரும்.”

சாம்பசிவனின் முகம் வெளிறியது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, சாரை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவர் கோபப்படவில்லை. கஷ்டத்தில் இருக்கும் மனிதன் இன்னொரு மனிதனிடம் பேசுவதுபோலத்தான் பேசினார்.

“மாஷே, அடுத்த மாதம் ஆடிட். ஸ்டாக்கில ஏறிய பொருள், ஆடிட் முடியும்வரை ஏறின நிலையில இருக்கணும். இவை பொரிஞ்சால் ஏழு முட்டை குறைவு, ஏழு குஞ்சு அதிகம். ரெண்டுக்கும் நான் பதில் சொல்லணும். குறைவைக்கூட அவங்க மன்னிக்கும். உடைஞ்சு போயி என்னு எழுதலாம். அதிகத்தை மன்னிக்காது. எங்கேந்து வந்து என்னு கேக்கும். எந்து பதில் பறையும்? கோழியிலேந்நு வந்து என்னா? கோழி உள்ளே வந்ததுக்கு ரிக்கார்டு இல்லை.”

“அந்தப் பொம்பளைக்குப் பிழைப்பே இதுதான் சாரே. அடை இல்லாம வச்சா உயிர் போயிருமே.”

“போகட்டே. போனால் முட்டை முட்டையாகவே இருக்கும்.”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி திரும்பியது.

முட்டைகளை ஸ்டோர் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லி உத்தரவு போட்டார். சாவி சுசீலாபாயிடம். தாணுமாலையன் சார் வாசலுக்கு வந்தார். கூடையோடு காத்திருந்த சுடலைமாடத்தியிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

“சின்ன வேலை ஒண்ணு பாக்கி இருக்கு. நீங்க கோழியைக் கொண்டு போங்க. முட்டையை நான் கொண்டு வாறேன்.”

“சரி சார். எனக்கும் மத்தியானத்துக்கு மேல வேலைக்குப் போணும். அரைநாக் கூலியாவது வரட்டும். கதவு சாத்திதான் இருக்கும், பூட்டு இல்ல. பெட்டியில வச்சிருங்க. ஏட்டி பூமாரி, நீ பள்ளிக்கூடம் போ.”

அவர்கள் இறங்கிப் போனார்கள். சார் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். மேலிடத்தைப் பார்க்க முயன்றார். மேலிடம் கூட்டத்தில் இருந்தது. மத்தியான மணி அடித்ததும் சுசீலாபாய் குடையும் துணிப்பையுமாக வெளியே வந்தார். பைகளைச் சோதிக்கும் உத்தரவு போட்டவர் அவர்தான். ஆகவே அவருடைய பையை இதுவரை யாரும் சோதித்ததில்லை. கோலப்பன் எழுந்து நின்றார்.

“அம்மா, அந்த முட்டை...” என்று எழுந்தார் சார்.

“ஸ்டோர்க் காரியம் எதையும் வெளியில பேசுகதில்லை” என்றார் அவர், நிற்காமலே. ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். மேடு பள்ளத்தில் பார்த்து ஓட்டு என்று டிரைவரை அதட்டியது கேட்டது. சார் பெருமூச்சு விட்டார். மனிதர்களின் பசி நேரத்துக்கு வந்துவிடுகிறது, இரக்கம்தான் வருவதில்லை என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததற்காக உடனே பிள்ளையாரிடம் மன்னிப்பும் கேட்டார்.

சுசீலாபாய் திரும்பி வந்ததையும் சார் பார்த்தார். அலுவலகம் மூடும்போது கடைசியாக ஒரு தடவை கேட்டார். “ஏழு முட்டையும் ஸ்டோர்ல இருக்கு. கையிருப்பு சரி” என்றார் சுசீலாபாய். குடையைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருந்தது. தோற்றவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

மறுநாள் சுடலைமாடத்தியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வகுப்புக்கு வந்தார். பூமாரி வாசலிலேயே நின்றாள்.

“சார், நீங்க எப்ப வந்து வச்சிய? கோழி சாயங்காலத்துல இருந்து எந்திரிக்கவே இல்ல. அம்மா உங்களுக்குக் கொய்யாப்பழம் குடுத்துவிட்டா.”

சார் பழத்தை வாங்கவில்லை. முதலில் அவளோடு ஆரியசாலைக்கு ஓடினார். பெட்டியில் கோழி இருந்தது. மெல்லக் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தார். சூடாக இருந்தது. ஊதா முத்திரையும் இருந்தது.

தாணுமாலையன் சார் தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர்மேல் சந்தேகப்பட்டார். நல்லது செய்திருப்பாரோ என்ற சந்தேகம். ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. கோலப்பனா? அவரிடம் சாவி இல்லை. பகவதிப்பெருமாளா? அந்த அரை நிமிடம் குந்தியிருந்த மனிதர் செய்யலாம். சாம்பசிவனையும் ஒரு நாள் பூராவும் சந்தேகித்தார். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் வெளியே தெரிந்துவிடும், தெரிந்தால் அந்த மனிதரை நல்லவர் என்று பிடித்துவிடுவார்கள். பழவங்காடிக்குப் போய்த் தேங்காயை உடைத்தார். ஐந்தாம் நாள் ஏழு முட்டையும் பொரித்தன. அதற்கு முந்தின நாள் பூமாரி ஒரு முட்டையைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். உள்ளேயிருந்து கீச்சென்ற சத்தம் வந்தது. அதற்குமேல் அவள் எப்படி என்று கேட்கவில்லை.

படத்தைப் பூமாரியின் பள்ளியிலேயே முதலில் சோதித்துப் பார்த்தார்கள். வேனில் டெலிவிஷன் பெட்டி வந்தது. பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள். அதிகாரிகள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்கள். விளக்கின் முன்னால் முட்டை எரிந்த அந்த அரை நிமிடம் படத்தில் இல்லை. ஸ்டாக்கில் இல்லாத உயிரினம் அதில் தெரிவதாக வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் மத்தளம் கொட்டியது. சாம்பசிவனின் உரையைப் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். பலர் கண்ணை மூடிக் கேட்டார்கள். ‘ஆழ்ந்த கவனம்’ என்று பகவதிப்பெருமாள் குறித்துக்கொண்டார்.

உரை பதினாலாம் நிமிடத்தை எட்டியபோது, அடிக்கல் நாட்டு விழாவுக்கு நடுவே, எங்கிருந்தோ ஒரு கோழி உரக்கக் கொக்கரித்தது.

“எங்க கோழி!” என்று பூமாரி எழுந்து கத்தினாள். வகுப்பே சிரித்தது. தூங்கியவர்களும் விழித்துச் சிரித்தார்கள்.

உடனே படத்தை நிறுத்தி விசாரணை தொடங்கினார்கள். உள்ளே வர அனுமதி மறுக்கப்பட்ட கோழியின் குரல் உள்ளே வந்தது எப்படி? வாசலில் தடுத்த பொருளின் ஒரு பகுதி எந்த வழியாக நுழைந்தது? கோலப்பனிடம் விளக்கம் கேட்டார்கள். ‘பைகளைச் சோதித்தேன், சத்தத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை’ என்று அவர் எழுதிக் கொடுத்தார். குரலை நீக்கிய பிறகு அந்தப் படம் எல்லாத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் அனுப்பப்பட்டது. அதன்பின் அதைப் பார்த்து யாரும் சிரித்ததாகப் புகார் இல்லை.

ஆடிட்டும் வந்தது. அதிகாரி ஸ்டோர் அலமாரியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். அங்கிருந்தே எண்ணினார். ஏழு முட்டைகள், ஏழிலும் ஊதா முத்திரை. நிலையம் பொருள்களைப் பாதுகாக்கும் முறை மற்ற அலுவலகங்களுக்கு முன்மாதிரி என்று எழுதிவிட்டு வேகமாக வெளியே போனார். சாம்பசிவன் சுசீலாபாயைப் பாராட்டி நாலு வார்த்தை பேசினார். “இவங்க கையிலேந்து ஒரு முட்டைகூட வெளியே போகாது” என்றார்.

சுசீலாபாய் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

படம் எடுத்த அந்த நாள், மத்தியானம், அவர் ஆட்டோவில் மடிமேல் துணிப்பையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு ஆரியசாலையில் இறங்கினார். வாக்குமூலத்தில் எழுதிய முகவரி மனதில் இருந்தது. மிளகாய்க் கிட்டங்கிக்குப் பின்னால், தகரக் கூரை வரிசையில், எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. அந்த வீட்டில் பூட்டே இல்லை என்பதைக் கதவைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டு ஒரு நிமிடம் நின்றார். அரசாங்க ஸ்டோர்களில் இருபத்தைந்து வருடம் பூட்டுகளோடு வாழ்ந்தவர்.

உள்ளே, வெறும் மரப்பெட்டியில், கோழி தன் அடியில் இல்லாத முட்டைகளின்மேல் சிறகைப் பரப்பி உட்கார்ந்திருந்தது. சுசீலாபாய் தரையில் மண்டியிட்டார். கைக்குட்டையில் பொதிந்திருந்த முதல் முட்டையை எடுத்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. திரும்பும் வழியில் சாலைக் கடைத்தெருவில் ஏழு முட்டை வாங்க வேண்டும். அதில் முத்திரை குத்த வேண்டும். அது பிறகு.

கோழிக்கு அவரைத் தெரியாது. அடியில் கையை விட்டதும் மணிக்கட்டில் ஓங்கிக் கொத்தியது. ரத்தம் வந்தது. அவர் கையை இழுக்கவில்லை. ஏழாவது முட்டை உள்ளே போய்ச் சேரும்வரை கொத்து வாங்கிக்கொண்டிருந்தார்.